சொந்தத் தெருவைத் தவிர

சுந்தரம்மாளுக்கு ஆனந்தமேரியைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எனக்கு எதுக்கு அவளைப் பிடிக்காமப் போகுது? நல்ல பொம்பளதான்" என்பாள். சொல்லும்போதே கையிலிருக்கும் மல்லிகைச் சரத்தில் முடிச்சு இறுகி இரண்டு மொட்டு நசுங்கிப் போகும். பொறாமை என்ற சொல்லை அவள் எப்போதும் மற்றவர்களுக்காக மட்டுமே வைத்திருந்தாள்.

திண்டுக்கல்லில் மேட்டுத் தெருவுக்கு அவள் கட்டிக்கொண்டு வந்தது பத்தொன்பது வயதில். கணவர் காமராஜ் பூ மண்டியில் எடை போடுகிறவர். கருக்கலில் போனால் மத்தியானம் வருவார், வரும்போது ஒரு பை நிறைய உதிரிப் பூ கொண்டுவருவார், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அதற்குமேல் அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அது சுந்தரம்மாளின் இலாகா. அவள் பூக்கட்டுவாள், பேசுவாள், தெருவில் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதிலிருந்து யார் பையன் பீடி பிடிக்கிறான் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருப்பாள்.

தொண்ணூற்றாறில் அந்தத் தெருவில் ஒரு பெண் செத்துப்போனாள். பதினாறில் கட்டிக்கொடுத்து, பதினேழில் தலைப்பிரசவம். உடம்பில் ரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி முடிந்து ஒவ்வொருத்தியாக முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தபோது சுந்தரம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அழுததெல்லாம் சரி. அடுத்தவ யாரு?" என்று கேட்டாள். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ஏழு பேர் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

அப்படித்தான் குழு உண்டானது. அதற்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டும் ஒத்துவரவில்லை. பொறுத்துப் பார்த்த ஊர் தானாகவே 'மாத்திரைக்காரங்க' என்று வைத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் தெருத் தெருவாகப் போய் வயசுப் பிள்ளைகளின் எடையைப் பார்ப்பார்கள், கீழ் இமையை இழுத்து வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் கண் முன்னாலேயே விழுங்க வைப்பார்கள். வேலைக்குப் பிள்ளை பிடிக்க வருகிற மில் புரோக்கர்களை வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். பையன்களை மருந்துக் கடை அப்துல் வாஹித்தும் லாரி மெக்கானிக் செபஸ்தியானும் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கேரம் போர்டையும் ஓட்டை ஃபேனையும் வைத்துக்கொண்டு, சாயங்கால நேரத்தில் எத்தனை பையன்களை அவர்கள் பாக்குப் பொட்டலத்திலிருந்தும் சாராயத்திலிருந்தும் இழுத்து வைத்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

குழுவுக்கு இருந்த சட்டங்கள் கொஞ்சம். அவற்றில் முக்கியமானதைக் கொண்டுவந்தவள் சுந்தரம்மாள்தான். ஆரம்பத்தில் ஒரு பெண், பஸ்ஸில் ஒருத்தன் தினமும் தொந்தரவு செய்வதைப் பக்கத்து வீட்டுத் தொண்டர் அக்காவிடம் சொன்னாள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, புருசனிடம் மட்டும்தான் சொன்னாள். புருசன் டீக்கடையில் மட்டும்தான் சொன்னான். மறுவாரம் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுந்தரம்மாள் அன்றைக்குக் கொதித்துப்போய், "இனிமே யாரும் சொந்தத் தெருவைப் பாக்கக் கூடாது. அடுத்த தெருக்காரிதான் பாக்கணும். பிள்ளைக சொல்றது பெத்தவளுக்கே ஆனாலும் அவ வாயால போகக் கூடாது" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது அவள் மகள் சுகன்யாவுக்குப் பத்து வயது. அந்தச் சட்டம் ஒருநாள் தன் வீட்டு வாசற்படியையும் மிதிக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனந்தமேரி குழுவில் சேர்ந்தது தொண்ணூற்றொன்பதில். சூசையப்பர் தெருவில் தையல் மெஷின் வைத்திருந்தாள். புருசன் இறந்து நாலு வருசம், ஜெஸ்ஸி என்று ஒரு மகள். அதிகம் பேச மாட்டாள். வாயில் குண்டூசியைக் கவ்வியபடி எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதிலேயே பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள். சுந்தரம்மாள் ஒரு மணி நேரம் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசியும் வாய் திறக்காத பிள்ளை, மேரி வீட்டில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கிற ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகும். "மெஷின் வச்சிருக்கிறவளுக்கு என்ன, உக்காந்த இடத்துல பிள்ளைக வரும். நாமதான் நாயா அலையணும்" என்று சுந்தரம்மாள் பொன்னழகிடம் சொன்னாள். பொன்னழகு குழுவில் மூத்தவள், கத்தரித்தாற்போல் பேசுகிறவள். "அப்ப நீயும் ஒரு மெஷின் வாங்கு" என்று முடித்துவிட்டாள்.

இரண்டாயிரத்தொன்றில் தெருக்களைப் பிரித்தபோது மேட்டுத் தெரு மேரிக்குப் போனது. மேரியின் தெரு சுந்தரம்மாளுக்கு வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான், யாரும் திட்டம் போடவில்லை. சுகன்யாவுக்கு அப்போது பதினைந்து.

முதல் சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. வீட்டில் மாத்திரை என்றால் குமட்டுகிறது என்கிற பெண், "மேரி அத்தை மோரோட குடிக்கச் சொன்னாங்க" என்று தானே எடுத்து விழுங்கினாள். வீட்டில் மீனைத் தொடாதவள் மேரி வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள், வீட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் என்னவென்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் படுத்தாள். அந்த 'அத்தை'யைத்தான் சுந்தரம்மாளால் தாங்க முடியவில்லை. காமராஜுக்கு உடன்பிறந்த அக்கா தங்கச்சி கிடையாது. பதினைந்து வருசமாகக் காலியாகக் கிடந்த அந்த உறவில் எங்கிருந்தோ வந்தவள் குந்திக்கொண்டாள்.

ஒருநாள் சூசையப்பர் தெருவில் எடை பார்த்துவிட்டு வரும்போது மேரி வீட்டு ஜன்னல் வழியாகச் சுகன்யா சிரிக்கிற சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. தன் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சுந்தரம்மாள் எடை மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்று யோசித்தாள். கணக்குக்கு வரவில்லை. பெற்றவளுக்குக் கிடைக்காதது தையல்காரிக்குக் கிடைக்கிறது என்று நினைத்தாள், அதை நினைத்ததற்காக வெட்கமும் படவில்லை.

மேரியின் மகள் ஜெஸ்ஸி சட்டப்படி சுந்தரம்மாளின் பங்கு. ஜெஸ்ஸி ஒழுங்காக மாத்திரை போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மேரி ஒருநாளாவது, "என் பொண்ணு உங்ககிட்ட என்னக்கா சொல்றா?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அதுவும் சுந்தரம்மாளுக்குக் குற்றமாகவே பட்டது. என்ன திமிர் பார், மகள் தன்னைவிட்டு எங்கும் போக மாட்டாள் என்கிற தைரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரம்மாளின் தாய் போனபோது தம்பி பிரபுவுக்கு ஆறு வயது. அவனைக் கூடவே கூட்டிவந்து வளர்த்தவள் அவள்தான். சுகன்யா பிறந்த அன்றைக்குப் பத்து வயசுப் பையனின் மடியில் குழந்தையைப் போட்டு, "இந்தாடா, உன் பொண்டாட்டி" என்று சொன்னாள். எல்லாரும் சொல்கிற விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் பிரபு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பாலசமுத்திரம் பக்கம் தேங்காய் வியாபாரத்தில் காலூன்றிய பிறகு வருசா வருசம் அக்காள் மகளுக்கென்று பாவாடை, வளையல், கொலுசு என்று கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன், குடி கிடையாது. இரண்டாயிரத்து நான்கு வைகாசியில் கல்யாணம் என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்தார்கள்.

சுகன்யாவுக்குப் பதினெட்டு ஆவது ஆவணியில்.

ஊரெல்லாம் போய்ப் பதினெட்டுக்கு முன்னால் கட்டிக்கொடுக்காதே, நெருங்கின சொந்தத்தில் கொடுக்காதே என்று சண்டை போடுகிறவளுக்கு இது உறைக்கவில்லையா என்றால், உறைக்கவில்லை. அவள் மனசில் அவள் வீட்டுக் கல்யாணம் அந்தப் பட்டியலிலேயே சேரவில்லை. மற்றவர்கள் பிள்ளையைத் தள்ளிவிடுகிறார்கள். இவள் தன் கையால் வளர்த்த தம்பிக்குக் கொடுக்கிறாள். மூன்று மாதம்தானே குறைகிறது.

தீபாவளிக்குப் பிரபு வந்துவிட்டுப் போன மறுநாள் சுகன்யா அடுப்படியில் வந்து நின்றாள். "அம்மா, எனக்கு மாமா வேணாம்மா. என்னையத் தூக்கி வளர்த்தவரு, எனக்கு அப்படித் தோணவே மாட்டேங்குது. நான் நர்சிங் படிக்கிறேன்" என்றாள்.

சுந்தரம்மாளுக்குக் காதில் விழுந்தது 'நர்சிங்' மட்டும்தான். மேரி தன் மகளை நர்சிங் படிக்க வைக்கப் போவதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். "ஓகோ, மேரி சொல்லிக் கொடுத்தாளா? அவ பிள்ளையப் படிக்க வைக்கட்டும், என் பிள்ளையக் கெடுக்க வேணாம்னு சொல்லு" என்றாள். பொங்கலுக்குச் சுகன்யா மறுபடி வாயெடுத்தாள். மறுபடியும் மேரிக்குத்தான் அர்ச்சனை விழுந்தது. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டது. அதன்பின் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததைச் சம்மதம் என்று சுந்தரம்மாள் எடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் அரித்தது. ஒருநாள் தைக்க ஒன்றுமில்லாத ஒரு பழைய ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேரி வீட்டுக்கே போனாள். "ஏம்மா மேரி, சுகன்யா உன்கிட்ட என்னதான் பேசுறா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். சொந்தச் சட்டத்தைச் சொந்தக் காலாலேயே மிதித்தாள்.

மேரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அது அவ உங்ககிட்ட சொல்லணும்க்கா. நான் சொல்லக் கூடாதுல்ல" என்றாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் சுந்தரம்மாளுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

பிப்ரவரி முதல் ஞாயிறு, தொடக்கப் பள்ளி வராந்தாவில் மாதக் கூட்டம். சுந்தரம்மாள் தயாராக வந்திருந்தாள். மேரி பிள்ளைகளைத் தொண்டுக்காகச் சேர்க்கவில்லை, தையல் தொழிலுக்காகச் சேர்க்கிறாள். மேட்டுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் இப்போது அவளிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறார்கள். இப்படியே விட்டால் குழுவின் பேர் கெட்டுவிடும் என்றாள். பொய் இல்லை, பிள்ளைகள் அவளிடம்தான் தைத்தார்கள். ஆனால் அது உண்மையும் இல்லை என்று சொன்னவளுக்கே தெரியும். அப்துல் வாஹித் சங்கடத்தோடு கண்ணாடியைத் துடைத்தார். "அக்காவுக்கு அப்படித் தோணுனா தெருவை மாத்திக்கங்க" என்றாள் மேரி. மேட்டுத் தெருவைப் பொன்னழகுக்குக் கொடுத்தார்கள். சுந்தரம்மாளுக்கு நெஞ்சில் குளுகுளுவென்றிருந்தது.

தெரு கைமாறினால், பழையவள் கையிலிருக்கும் அவசரமான விஷயத்தை அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு பிள்ளையும் இடையில் தவறிப்போய்விடக் கூடாது என்பதற்காக. மேரி எல்லாருக்கும் பொதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். "ஒரு கல்யாணம் இருக்கு. வைகாசியில. பொண்ணுக்கு வயசு ஆகலை, பொண்ணுக்கு இஷ்டமும் இல்லை. எந்த வீடுங்கிறதைப் பொன்னழகக்காகிட்ட தனியா சொல்றேன்" என்றாள்.

"எம்புட்டு நாளாத் தெரியும்?" என்றாள் சுந்தரம்மாள்.

"ரெண்டு மாசமா."

சுந்தரம்மாளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களா, ரெண்டு மாசமா மூடி வச்சிருக்கா" என்று எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். "பொன்னழகக்கா, நாளைக்குச் சாயங்காலமே போறோம். யார் வீடா இருந்தாலும் விடக் கூடாது. தாய்க்காரி வாக்குக் கொடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது."

அது குழுவின் வழி. மூன்று பெண்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்வார்கள். தண்ணீர் கொடுத்தாலும் காபி கொடுத்தாலும் தொட மாட்டார்கள். வந்தவர்கள் வாய் நனைக்காமல் உட்கார்ந்திருப்பதை எந்த வீட்டுக்காரியாலும் நெடுநேரம் தாங்க முடியாது. அந்த மூவரில் ஒருத்தி எப்போதும் சுந்தரம்மாள்தான். பேச்சும் அவளுடையதுதான்.

வைகாசி என்ற வார்த்தை அவளை ஏன் தொடவில்லை என்று பிற்பாடு அவளே பல தடவை யோசித்திருக்கிறாள். மேரி தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கும் காதுக்கும் அன்றைக்கு வேறெதற்கும் இடமிருக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நல்ல சேலையாகக் கட்டி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பொன்னழகும், குழுவில் இன்னொருத்தியான செபாஸ்தியம்மாளும் வந்தார்கள். போகிற இடத்தில் ஒன்றும் குடிக்க முடியாது, இங்கேயே குடித்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்கெனவே காபி போட்டு வைத்திருந்தாள். இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்கக்கா, கிளம்பலாம். வீடு எங்கிட்டு இருக்கு?"

பொன்னழகு டம்ளரைத் தொடவில்லை. "நீயும் உக்காரு சுந்தரம். வீடு இதுதான்" என்றாள்.

சுந்தரம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு செபாஸ்தியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ புது வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாளுக்கு முகமெல்லாம் சுட்டது. "மேரி ஏவி விட்டு என் வீட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றாள்.

"நேத்து வரைக்கும் மேரி உன் பேரை வாயில எடுக்கலை. அந்தப் பிள்ளையே பெத்தவகிட்டச் சொல்லட்டும், அதுதான் மரியாதைன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. தெருவை நீ புடுங்குன. சொல்ல வேண்டியதாப் போச்சு. யார் வீடா இருந்தாலும் விடக் கூடாதுன்னு நேத்து நீதானே சொன்ன?"

"எந்தம்பிக்கா அவன். மூணு மாசம்தானே கொறையுது."

சொல்லி முடிக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருசத்தில் எத்தனை தாய்மார்கள் இதே வார்த்தையை, இதே குரலில், இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "போன வருசம் இப்படிச் சொன்ன ஒருத்திக்கு நீ என்ன பதில் சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொல்லவா, நீயே சொல்லிக்கிறியா?" என்றாள் பொன்னழகு.

காபியில் ஏடு படிந்தது. உள்ளறையில் காமராஜ் விழித்துக்கொண்டுதான் இருந்தார், வெளியே வரவில்லை. சுகன்யா பள்ளிக்கூடப் பையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உட்கார்ந்திருக்கிறவர்களையும் தொடாத டம்ளர்களையும் பார்த்தாள். தொண்டர் மகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சுந்தரம்மாளுக்குக் கோபம் மகள் மேல் திரும்பியது. திரும்பும்போதே அழுகையாகிவிட்டது. "ஊருல உள்ளவகிட்ட எல்லாம் சொல்லத் தெரியுது. என்கிட்டச் சொல்லத் தெரியலையாடி உனக்கு?"

சுகன்யா பையைக்கூட இறக்கவில்லை. "சொன்னேனேம்மா. தீபாவளிக்குச் சொன்னேன், பொங்கலுக்குச் சொன்னேன். ரெண்டு தடவையும் நீ மேரி அத்தையத்தான் வஞ்ச. நான் சொன்னதுக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சுந்தரம்மாள் அடுப்படியில் மகள் நின்ற அந்த இரண்டு நாளையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். மகள் சொன்ன ஒரு வார்த்தையும் சரியாக நினைவுக்கு வரவில்லை. மேரியைத் தான் திட்டியது மட்டும் ஒரு எழுத்து விடாமல் நினைவிருந்தது.

"நிறுத்திடுறேன்" என்றாள்.

பொன்னழகு டம்ளரை எடுத்து, ஏடு படிந்த ஆறின காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். செபாஸ்தியம்மாளும் குடித்தாள்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாலசமுத்திரத்துக்குப் பேசினாள். பிரபு கேட்டுக்கொண்டே இருந்தான், கடைசியில் "சரிக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். இரண்டு வருசம் அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு தீபாவளியையும் சுந்தரம்மாள் எப்படிக் கழித்தாள் என்று காமராஜுக்குத் தெரியும்.

மார்ச் முதல் ஞாயிறு மறுபடி கூட்டம். மேரி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். மற்ற வேலைகளெல்லாம் பேசி முடித்த பிறகு சுந்தரம்மாள் எழுந்தாள். மேரியைப் பற்றிப் போன மாதம் தான் சொன்னது தப்பு, பொறாமையில் சொன்னது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்தச் சொல்லைத் தனக்காக அவள் எடுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. மேட்டுத் தெருவைத் திரும்ப மேரிக்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே கேட்ட அந்தச் சிரிப்பு இனியும் மேரி வீட்டில்தான் கேட்கும் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுகன்யாவையும் சேர்த்தாக்கா?"

"அவளையும் சேர்த்துத்தான்" என்றாள் சுந்தரம்மாள்.